உள்ளத்தின் வடுவும் உரிய மருத்துவமும்

உடலுக்கு நோய் உண்டாவதுபோல உள்ளத்துக்கும் நோய் உண்டாகும் என்பது புதிய செய்தியன்று. ஆயினும் இவ்விருவகை நோய்களையும் மக்கள் ஒரே கண்கொண்டு நோக்குவதில்லை. கால் முறிந்தவனை அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வர். உள்ளம் முறிந்தவனையோ, காலம் ஆற்றும் என்று கூறிக் காத்திருக்கச் செய்வர். பெரும்பாலான துயரங்களைக் காலம் ஆற்றுவது உண்மையே. ஆனால், காலத்தால் மட்டும் ஆறாத புண் ஒன்றும் உண்டு. அதனை இனங்காண்பதும், அதற்குரிய மருத்துவரை நாடும் வழியை அறிவதும் கற்றோர்க்குரிய கடமைகளாகும். இலங்கையின் கிழக்குக் கரையிலே, அம்பாறை மாவட்டத்துக் கல்முனைப் பகுதியை நிலைக்களமாகக் கொண்டு இப்பொருளை ஆராய்வது பொருத்தமுடையது. குறுகிய நிலப்பரப்பில் அத்துணைப் பேரிழப்பைக் கண்ட இடங்கள் இந்நாட்டிற் சிலவே.

ஊரும் பேரிடரும்

அம்பாறை மாவட்டத்தின் கடலோரம், மேற்கே நெல்வயல்களும் கிழக்கே கடலுமாக அமைந்த ஒடுங்கிய நிலம். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தெற்கு நோக்கிச் செல்கின்றன. இவற்றுட் பல முஸ்லிம் ஊர்கள். சில தமிழ் ஊர்கள். இரு சாராரும் தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர் என்பது கிழக்கிலங்கை வழக்கு. வேளாண்மை, கைத்தறி, வாணிகம், மீன்பிடி என்பன அவர்தம் தொழில்கள்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், சுமாத்திராத் தீவுக்கு அப்பாலெழுந்த கடலடி நிலநடுக்கத்தினாற் பிறந்த ஆழிப்பேரலை இக்கரையை அடைந்தது. நாடு முழுவதிலும் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் 10,000க்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தினர். வேறெந்த மாவட்டமும் அத்துணை உயிர்களை இழக்கவில்லை. இம்மாவட்டத்து முகாம்களில் நிகழ்ந்த ஓர் ஆய்வு, பெண்களின் இறப்பு வீதம் ஆண்களுடையதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு என்று காட்டிற்று. சிறுவரும் பெருந்தொகையினர் மாண்டனர். ஆகவே, தப்பியவர்களுள் மனைவியையும் மக்களையும் ஒருங்கே இழந்த தந்தையரும், கையிற் பற்றியிருந்த குழந்தை நழுவியதை எண்ணி எண்ணி நைந்த தாயரும் பலராயினர். உடல் கிடைக்கப்பெறாதவர்களும் உளர். மையித்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்கும் இறுதிக் கடமையை ஆற்ற இயலாத உறவினரின் துயரம் முடிவிடம் காணாத துயரமாயிற்று.

இப்பேரிடர் அமைதியான ஊர்களின்மேல் வந்து விழுந்ததன்று. 1990ஆம் ஆண்டிலே கல்முனைத் தமிழரும், அயல் மாவட்டமாகிய மட்டக்களப்பின் காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம்களும் படுகொலைகளுக்கு ஆளாகியிருந்தனர். அலையின் பின்னரும் அச்சம் ஓயவில்லை. 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்களை அடுத்து, சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தோர் படையினர் வளைத்தபோது குண்டுகளை வெடிக்கச் செய்தனர். அங்கே குழந்தைகளும் மாண்டனர். ஒரு தலைமுறைக்குள் இங்ஙனம் போர், அலை, வெடி என மூன்றையும் கண்ட மக்களின் உள்ளநலம் தனியே ஆராயத்தக்கது.

நோயின் இயல்பு

பேரச்சம் தரும் நிகழ்ச்சியின் பின் உள்ளம் நிலைகுலைவதை மருத்துவர் நெடுநாளாக அறிவர். முதலாம் உலகப் போரிலே போர்முனை வீரரிடம் இதனைக் கண்ட சார்ள்ஸ் மயர்ஸ் என்னும் ஆங்கில உளநூலறிஞர், 1915இல் ‘குண்டதிர்ச்சி’ என்னும் பொருள்படும் பெயரால் இதனை எழுதினார். வியட்நாம் போரின் பின், 1980ஆம் ஆண்டில், அமெரிக்க உளமருத்துவ சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனியிடம் அளித்தது. தமிழிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், ‘மனவடு’ என்னும் பெயரிலேயே 1993இல் ஒரு நூல் வெளியிட்டார். வெட்டுக்காயம் ஆறியபின் தோலில் எஞ்சும் தழும்பை வடு என்பது தமிழ் மரபு. மனத்தில் எஞ்சுவதற்கும் அச்சொல் நன்கு பொருந்திற்று. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என விரித்துரைப்பதும் உண்டு.

இந்நோயின் குறிகள் மூவகைப்படும். முதலாவது, கடந்த நிகழ்ச்சி மீண்டும் இப்பொழுதே நிகழ்வதுபோல் தோன்றுதல். இது வெறும் நினைவன்று. கனவிலும் நனவிலும் அக்காட்சியும் ஒலியும் மணமும் திரும்ப வந்து தாக்கும். இரண்டாவது, அதனை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் மனிதரையும் விட்டு விலகுதல். மூன்றாவது, இடர் கடந்த பின்னரும் அது வாயிலில் நிற்பதுபோல் எந்நேரமும் விழிப்பும் திடுக்கீடும் கொள்ளுதல். இவை சில வாரங்களுக்கு மேலும் நீடித்து, உழைப்பையும் படிப்பையும் இல்வாழ்வையும் கெடுக்குமாயின், அதனைத் துயரம் என்று மட்டும் கூறி விடுதல் ஆகாது, அது நோயாகும்.

எடுத்துக்காட்டாக, கரைவலைத் தொழிலாளர் ஒருவரைக் கருதுக. அவர் அலையிலே தம் மகனை இழந்தார். ஓராண்டு கழிந்தும் கடற்கரைக்குச் செல்லவில்லை. பலத்த காற்று வீசும் இரவுகளில் எழுந்து கதவருகே அமர்ந்திருப்பார். சிறு பிழைக்கும் வீட்டாரைச் சினந்து பேசுவார். நெஞ்சு படபடக்கின்றது, தலை இடிக்கின்றது என்று வைத்தியசாலைக்குச் சென்று மாத்திரை பெற்று மீள்வார். மகனைப் பற்றி மருத்துவரிடம் ஒரு சொல்லும் கூறார், மருத்துவரும் கேளார். ஊரார் அவரைச் சோம்பேறி என்பர். சிலர் ஜின் தீண்டிற்று என்பர். நோய் இருக்கும் இடம் ஒன்றாகவும், மருந்து செல்லும் இடம் வேறொன்றாகவும் இருக்கும் நிலை இதுவே.

உள்ளம் நினைவைப் பத்திரப்படுத்தும் முறையிலேயே இந்நோயின் வேர் உள்ளது. வழக்கமான நிகழ்ச்சி ஒன்றை நினைவு கொள்ளும்போது, அது எப்பொழுது எங்கே நடந்தது என்பதும் உடன் தோன்றும்; ஆதலின் அது கடந்துவிட்டது என்ற தெளிவும் இருக்கும். உயிரச்சத்தின் நடுவே பதிந்த நினைவோ, காலமும் இடமும் சேராத துண்டுகளாகக் கிடக்கின்றது. ஓர் இரைச்சல், ஓர் உப்புக்காற்று, ஒரு கூக்குரல் அதனைத் தூண்டினால், உடல் பழைய இடரையே மீண்டும் எதிர்கொள்கின்றது. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் நிலம் நடுங்கி எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, கிழக்குக் கரை மக்கள் உள்நாட்டை நோக்கி ஓடினர். ஓடியது அறிவுடைமை, அன்று அனைவரும் செய்ய வேண்டியதும் அதுவே. ஆனால், எச்சரிக்கை நீங்கிப் பன்னாட்கள் சென்ற பின்னரும் ஒருவரின் உள்ளம் ஓடிக்கொண்டே இருக்குமாயின், அவருக்கு உதவி வேண்டும்.

பேரிடரைக் கண்டோர் அனைவரும் இந்நோயாளர் ஆவர் என்று கருதுதல் பிழை. அலை நிகழ்ந்து மூன்று நான்கு வாரங்களில், வடக்கே மணற்காட்டிலும் தெற்கே கொஸ்கொடை, காலி ஆகிய இடங்களிலும் சிறுவரிடையே நோய்னர் என்னும் ஜெர்மானிய உளவியலாளரும் அவர்தம் குழுவினரும் ஆய்வு நடத்தினர். அலையால் விளைந்த மனவடு நோயின் குறிகள், இடத்துக்கு இடம் வேறுபட்டு, நூற்றுக்கு 14 முதல் 39 வரையான சிறுவரிடம் காணப்பட்டன. எஞ்சியோர் அஞ்சினர், அழுதனர், ஆயினும் நோயாளராகவில்லை. நோயுற்றோரிலும் ஒரு பகுதியினர் உற்றாரின் அரவணைப்பால் தாமே தேறுவர். அங்ஙனம் தேறாதவர்க்கே சிறப்பு மருத்துவம் இன்றியமையாதது. அனைவரையும் நோயாளர் ஆக்குதலும் தவறு. எவரும் நோயாளர் அல்லர் என்றிருத்தலும் தவறு.

வழிமறிக்கும் தடைகள்

மருத்துவத்தை நாடும் வழியில் முதலாவதாக நிற்பது பெயரச்சம். இந்நாட்டில் நெடுங்காலம் உளமருத்துவம் என்றால் கொழும்புக்கு அருகேயுள்ள அங்கொடை வைத்தியசாலையே நினைவுக்கு வந்தது. அங்கொடை என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகவும் வழங்கிற்று. குடும்பத்தில் ஒருவர் உளமருத்துவரிடம் சென்றார் என்று தெரிந்தால் பெண்பிள்ளைகளின் திருமணப் பேச்சுத் தடைப்படும் என்ற அச்சமும் பல வீடுகளில் உண்டு. மனவடு நோய் பைத்தியம் அன்று. நோயாளர் தம் நிலையை நன்கு அறிவர். அதனை மறைக்கவும் அறிவர். அம்மறைப்பே நோயை நீட்டிக்கின்றது.

இரண்டாவது தடை, வாழ்க்கை நெருக்கடி. இக்கரையிலே முஸ்லிம்களும் தமிழரும் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுக்கும் மரபினர். வீடு அழிந்தபோது பெற்றோரின் ஆயுட்கால உழைப்பும் மகளின் மணவாழ்வும் ஒருங்கே அழிந்தன. அதன்மேல், வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்ற விதி முதலில் வந்தது; 2005ஆம் ஆண்டின் முடிவில் அது தளர்த்தப்பட்டது. அதுவரை குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களில் வாழ்ந்தன. இத்தகைய அன்றாட நெருக்கடிகள் உளநலத்தைப் பேரிடரளவுக்கே தாக்கும் என்பதை, இலங்கை இளையோரைப் பற்றிக் காயத்திரி பெர்ணாண்டோவும் துணைவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டிற்று. கூரையில்லாதவனுக்கு ஆறுதற்சொல் மட்டும் போதாது. கூரை கிடைத்த பின்னரும் நோய் எஞ்சினால், கூரை மட்டும் போதாது.

மூன்றாவதாகக் கூறப்படுவது, சமய நம்பிக்கை மருத்துவத்தைத் தடுக்கும் என்பது. இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். முஸ்லிம் ஊர்களில் உள்ளம் கலங்கியவர்க்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்தலும், மௌலவியிடம் ஓதிப் பார்த்தலும் வழக்கம். தமிழ் ஊர்களில் அம்மன் கோயிலில் வாக்குக் கேட்பர், நூல் கட்டுவர். துன்புற்றவர் தனித்து விடப்படவில்லை என்ற உறுதியை இவை தருகின்றன. தொழுகையும் கூட்டுறவும் பலருக்குப் பெருந்துணையாக நின்றதை எவரும் மறுக்க இயலாது. ஆனால், ஓதிப் பார்த்தல் மருத்துவத்துக்கு மாற்றாகும்போது நோயாளர் நாட்களை இழக்கின்றார். நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் பணித்தார் என்பதை முஸ்லிம் மக்கள் நன்கறிவர். கணவனை இழந்து நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கும் பெண்ணுக்கும், மருத்துவத் தேவைக்காக வெளிச்செல்ல மார்க்கம் இடமளிக்கின்றது.

இஸ்லாமிய வரலாறும் இதற்குச் சான்று பகரும். ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்து 934இல் மறைந்த அபூ ஸைத் அல் பல்கீ என்னும் அறிஞர், உடல்நலம், உளநலம் ஆகிய இரண்டையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக ஆராய்ந்தார். அச்சம், துயரம், சினம், விடாது அலைக்கும் எண்ணம் எனக் கலக்கங்களை வகுத்தார். காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் தெரியாத துயரத்தையும் வேறு பிரித்து, மருத்துவமும் வேறு கூறினார். 1154இல் டமஸ்கஸ் நகரிலும், 1284இல் கெய்ரோ நகரிலும் எழுந்த வைத்தியசாலைகளில் உளநோயாளர்க்கும் இடமிருந்தது. ஆகவே, உளமருத்துவம் மேனாட்டார் அண்மையிற் கொண்டுவந்த புதுமை என்று அதனை ஒதுக்குவோர், தம் முன்னோரின் செல்வத்தையே ஒதுக்கியவர் ஆவர்.

மருத்துவம் செய்யுமாறு

சிறப்பு மருத்துவர் செய்வது யாது என்பதை அறியாமையே பலரின் தயக்கத்துக்குக் காரணம். முதற் சந்திப்பில் அவர் கேட்பார். உறக்கம், உணவு, உழைப்பு, உறவு, நேர்ந்த இடர் ஆகியவற்றை ஒழுங்காக வினவி அறிவார். பின்னர், தோன்றும் குறிகள் ஒரு நோயின் குறிகள் என்றும், அந்நோய் தீரக்கூடியது என்றும் விளக்குவார். தமக்குப் பித்துப் பிடிக்கின்றது என்று அஞ்சியிருந்தவர்க்கு அவ்விளக்கமே பெரும் ஆறுதலாகும்.

அடுத்து வருவது உளச்சிகிச்சை. இதன் வகைகள் பலவாயினும் அடிப்படை ஒன்றே. விலகி ஓடிய நினைவை, பாதுகாப்பான இடத்தில், பயிற்சி பெற்றவர் துணையிருக்க, சிறிது சிறிதாக அணுகி, அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றோடு சேர்த்து ஒரு முழு வரலாறாக ஆக்குதல். ஜெர்மனியின் கொன்ஸ்தான்ஸ் பல்கலைக்கழகத்தார் வகுத்த எடுத்துரைப்புச் சிகிச்சையிலே, தரையில் ஒரு கயிற்றை நீட்டி, வாழ்வின் இன்பங்களுக்குப் பூக்களையும் துன்பங்களுக்குக் கற்களையும் அதன்மேல் வைக்கச் செய்வர். பின்னர் ஒவ்வொரு கல்லின் கதையும் சொல்லப்பட்டு எழுதப்படும். சொல்லி முடியுங்கால், அந்நிகழ்ச்சி கடந்த காலத்தில் தனக்குரிய இடத்தில் அமர்ந்துவிடும்.

இம்முறை இலங்கையின் வடகிழக்கிலேயே ஆராயப்பட்டது. போரையும் அலையையும் கண்ட 31 சிறுவருள் ஒரு சாரார்க்கு ஆறு அமர்வுகளில் எடுத்துரைப்புச் சிகிச்சையும், மற்றவர்க்கு ஆறு அமர்வுகளில் தியானமும் தளர்வுப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. ஆறு மாதங்களின் பின் முதற்சாராரில் நூற்றுக்கு 81 பேரும் மற்றவரில் 71 பேரும் நோய் நீங்கினர். 2009இல் வெளிவந்த இவ்வாய்வில் ஆய்வுக்குட்பட்டோர் தொகை சிறிது. எனினும், இரண்டு உண்மைகளை அது உணர்த்துகின்றது. இந்நோய் தீரக்கூடியது, அதனைத் தீர்க்கும் பணியை, முறையான பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளரும் செய்யவல்லர்.

மருந்துகளும் உள. செர்ட்ராலின், புளுவொக்செட்டின் போன்றவை உள்ளத்தின் பதகளிப்பைத் தணிப்பன. இவை பயன்தரச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேளாது இடையில் நிறுத்தலாகாது. உறக்க மாத்திரைகளின் தன்மை வேறு. பேரிடரின் பின் முதல் மாதத்தில் நெருக்கீட்டுக் குறிகளைத் தணிக்க அத்தகைய மருந்துகளை வழங்கலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2013இல் நெறி வகுத்தது. நீடித்துப் பயன்படுத்தினால் அவற்றுக்கு அடிமையாகும் நிலையும் உண்டு. இடர் நிகழ்ந்த உடனேயே மக்களைக் கூட்டி வைத்து, நடந்ததை விரித்துரைக்குமாறு வற்புறுத்துவதும் பயனற்றது. அலையின் பின் பல நாடுகளிலிருந்து இலங்கைக்கு வந்தோருள், மொழியும் மரபும் அறியாது சில நாட்கள் தங்கி இங்ஙனம் செய்து சென்றோரும் உளர். நன்னோக்கம் மட்டும் மருத்துவம் ஆகாது என்பதற்கு அது பாடமாயிற்று.

உதவி கிடைக்கும் இடங்கள்

மட்டக்களப்பிலே உளமருத்துவர் கணேசன், வைத்தியசாலைச் சுவரைத் தாண்டி ஊர்களுக்கே செல்லும் உளநலப் பணியைக் கட்டியெழுப்பினார். அலையின் பின் அம்மாவட்டத்து உளசமூகப் பணிகளை ஒருங்கிணைத்தவர்களுள் ஒருவரான ஆனந்த கலப்பத்தி, 2008இல் மக்சேசே விருது பெற்றார். 2005இல் நாட்டின் உளநலக் கொள்கை அரசினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது; மாவட்டந்தோறும் சேவை என்பது அதன் நோக்கம். அலைக்கு முன் 10 மாவட்டங்களில் மட்டும் இருந்த உளநல சேவை அமைப்பு, பின்னர் 27 சுகாதார மாவட்டங்களுள் 20இல் அமைந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2013இல் எழுதிற்று. பேரிடரே ஒரு சீர்திருத்தத்துக்கு வாயிலாயிற்று.

கல்முனை தனக்கெனப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையைக் கொண்டது. கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும், அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் ஒரே நகரில் உள்ளன. அரச வைத்தியசாலைகளில் உளநல மருத்துவத்துக்குக் கட்டணமில்லை. வெளிநோயாளர் பிரிவில் மருத்துவரைக் கண்டு, உளநலக் கிளினிக்குக்கு அனுப்புமாறு கேட்கலாம். அவ்வேளையில் தலைவலி, நெஞ்சிடி என்பனவற்றோடு நில்லாது, இன்ன இடரின் பின் இக்குறிகள் தொடங்கின என்று ஒரு வாக்கியம் சேர்த்துக் கூறுதல் மிக முக்கியம். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் அந்த ஒரு வாக்கியமே நோயாளரை உரிய இடத்துக்கு இட்டுச் செல்லும்.

யாரிடம் எதனைப் பெறலாம் என்பதும் அறியத்தக்கது. உளமருத்துவ நிபுணரும் உளநல வைத்திய அதிகாரியும் நோயை உறுதிசெய்து மருந்து தருவர். மருத்துவ உளவியலாளர் உளச்சிகிச்சை அளிப்பர். இந்நாட்டில் அவர் தொகை மிகக் குறைவு. பிரதேச செயலகங்களில் உள்ள உளவளத்துணை உத்தியோகத்தர் பேச்சால் துணைபுரிந்து, தேவையானவரை மருத்துவரிடம் ஆற்றுப்படுத்துவர். வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெண்கள் மனந்திறந்து பேசுவர். வெளிச்செல்லத் தயங்குவோர், தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் ஒருவரிடம் தலைகாட்டுமாயின், நாள் பாராது அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும்.

ஆசிரியரும் மாணவரும்

சிறுவரிடம் இந்நோய் வேறு உருக்கொள்ளும். நேற்றுவரை நன்கு கற்ற மாணவன் பாடத்தில் மனம் நிலைக்காது தவித்தல், காரணமின்றிச் சண்டையிடுதல், வளர்ந்த பிள்ளை படுக்கையை நனைத்தல், ஒரே இடரை மீண்டும் மீண்டும் விளையாட்டாக நடித்தல் என்பன கவனிக்கத்தக்கவை. இவற்றைப் பிரம்பினால் திருத்த முயலும் ஆசிரியர், புண்ணின்மேல் அடிப்பவராவார். ஆசிரியர் மருத்துவராக வேண்டுவதில்லை. மாற்றத்தைக் கண்டறிதல், தனியே அழைத்து அன்பாக வினவுதல், சொல்ல விரும்பாததைச் சொல்லுமாறு வற்புறுத்தாமை, பெற்றோரோடு பேசி உரியவரிடம் அனுப்புதல் ஆகிய நான்கும் போதும்.

மட்டக்களப்பில் அருட்தந்தை போல் சற்குணநாயகம் அவர்களும், கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகன் அவர்களும் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இங்கு நினைக்கத்தக்கது. போரினால் வாடிய தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் அங்கே ஒன்றாக ஓவியம் தீட்டினர், களிமண் பிசைந்தனர், கதை சொன்னர். சொல்ல வாய் எழாததைக் கைகள் சொல்லின. பகையுற்ற இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒருவர் அச்சத்தை ஒருவர் கண்டு, அது தம் அச்சமே என உணர்ந்தமை வேறெந்த மருந்தாலும் எய்தற்கரியது.

முடிவுரை

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. மனவடு நோயைப் பொறுத்தவரை மருத்துவரும் மருந்தும் கல்முனைக் கரைக்கு முன்னையினும் அண்மையில் வந்துள்ளனர். நோயாளரோ இன்னும் கதவருகே அமர்ந்திருக்கின்றார். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பேருந்து கடப்பதன்று. நான்காமவனாகிய உதவுவோனே கடத்தல் வேண்டும். ஜும்ஆப் பிரசங்கத்தில் இந்நோயை வெட்கமின்றிப் பெயர் சொல்லிக் கூறும் மௌலவியும், வகுப்பறையில் வாடிய முகத்தைக் காணும் ஆசிரியரும், அயல்வீட்டுப் பெண்ணின் கைபற்றிக் கிளினிக்குக்கு உடன்செல்லும் தோழியும் அந்த நான்காமவர் ஆவர். 2004இல் குழந்தைகளாயிருந்தோர் இன்று பெற்றோராய் விளங்குகின்றனர். அவர்தம் அச்சம் அவர்தம் மக்களுக்கும் முதுசொம்மாகச் செல்லாதிருக்க வேண்டுமாயின், காலம் ஆற்றும் என்று இனியும் காத்திருத்தல் தகாது. ஆற்றுவிக்கும் பொறுப்பு அருகிலிருப்போர்க்கும் உரியது.